பாலாறு தந்ததும் பாலாற்றுக்குத் தந்ததும்

வேலூர் மாநகரின் தென்புறத்தே, பாலமதி மலைத்தொடருக்கு அருகே அமைந்திருக்கும் ஊர் பாகாயம். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் இங்கேதான் உள்ளது. அதனால் இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் இவ்வூரை நாடி வருகின்றனர். ஆயின் இவ்வூரின் பக்கத்திலேயே இருக்கும் ஓட்டேரி ஏரியைப் பற்றி அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. மலையில் விழும் மழைநீரைத் தேக்கி வைத்து, ஒரு காலத்தில் வேலூர் மக்களின் தாகம் தீர்த்த ஏரி அது. அவ்வேரி பல ஆண்டுகள் வறண்டு கிடந்ததையும், பாலாற்றின் கரையிலே வாழும் வேலூர் நகரம் மேட்டூரிலிருந்து குழாய் வழியே காவிரி நீரை வரவழைத்துப் பருகும் நிலைக்கு வந்துவிட்டதையும் எண்ணிப் பார்த்தால், இந்த வட்டாரத்தின் வரலாறு முழுவதும் நம் கண்முன் விரியும்.

பருவநிலை மாற்றம், பெருமழை, வறட்சி ஆகியவை பற்றி உலகெங்கும் அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். அவர்களுடைய முடிவுகளை ஏதோ வடதுருவத்துப் பனிப்பாறைகளைப் பற்றிய செய்தி என்று நம்மில் பலர் ஒதுக்கி விடுகின்றனர். அவ்வாராய்ச்சிகள் பேசுவது வாணியம்பாடியைப் பற்றியும் ஆம்பூரைப் பற்றியும் பேரணாம்பட்டைப் பற்றியும்தான் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று மாநிலங்களின் ஆறு

கர்நாடக மாநிலத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துள் நுழைகிறது. ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றில் கர்நாடகத்துக்கு உரியது 93. ஆந்திரத்துக்கு உரியது 33. எஞ்சிய 222 கிலோமீட்டரும் தமிழகத்துக்கு உரியது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய ஊர்களின் அருகே சென்று, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலோடு கலக்கிறது. கவுண்டன்யா நதி, பொன்னையாறு, செய்யாறு முதலியவை இதன் துணையாறுகளாம்.

ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறாகப் பாலாறு அண்மைக் காலத்தில் என்றுமே இருந்ததில்லை. இது மணலுக்குள் ஓடும் ஆறு. மேலே வெறும் மணல் தெரிந்தாலும், அடியில் ஊற்றுநீர் நிறைந்திருக்கும். கரையோரத்து மக்கள் மணலைத் தோண்டிக் கால்வாய் எடுத்துப் பாசனம் செய்தனர். அதன் இருமருங்கிலும் நூற்றுக்கணக்கான ஏரிகளை அமைத்து, வெள்ளக் காலத்து நீரைத் தேக்கிக் கொண்டனர். பல்லவர் காலத்து மகேந்திரவாடி ஏரியும், காவேரிப்பாக்கத்துப் பேரேரியும் அந்த அறிவின் சான்றுகள். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு ஒன்றைக் கட்டி, இந்த ஏரிகளுக்கு நீரைப் பிரித்து அனுப்பினர். 1892இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் இடம்பெற்ற ஆறுகளுள் பாலாறும் ஒன்று.

1903ஆம் ஆண்டு

பாலாற்றின் வரலாற்றில் மறக்கவியலாத ஆண்டு 1903. அவ்வாண்டு நவம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழை மைசூர் மேட்டு நிலத்தில் கொட்டித் தீர்த்தது. கோலார் பகுதியில் பாலாற்றின் மீது அமைந்திருந்த பேத்தமங்கலம் ஏரி உடைந்தது. ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்த நாடு இது. மேலேயுள்ள ஏரி உடைந்தால், அதன் நீர் முழுவதும் ஒரே வீச்சில் கீழே பாயும். வானம் பொழிந்த நீரோடு ஏரிகளில் தேங்கியிருந்த நீரும் சேர்ந்து, நவம்பர் 12ஆம் நாள் வாணியம்பாடியைத் தாக்கியது. அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அந்தச் சிற்றூரில் ஏறத்தாழ 200 உயிர்கள் வெள்ளத்தில் மடிந்தன. ஹிஜ்ரி 1321ஆம் ஆண்டின் ஷஃபான் மாதப் பிற்பகுதி அது. புனித ரமளானை வரவேற்கக் காத்திருந்த குடும்பங்களுள் பல, அந்தப் பிறையைக் காணவில்லை.

அதே 1903ஆம் ஆண்டில் சென்னையில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அன்று அதைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. கலைத்தொழிற் பள்ளியில் பணியாற்றிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிட்டது. குரோமியமோ மெல்ல மெல்ல வந்து, பாலாற்றங்கரையிலேயே தங்கிவிட்டது. ஒரே ஆண்டில் தொடங்கிய இந்த இரு செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய நிலை விளங்கும்.

தோலும் கல்வியும்

தோல் வாணிபம் நம் மக்களுக்கு என்ன தந்தது என்பதை முதலில் நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் முறை நம் நாட்டில் தொன்றுதொட்டு இருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வாறு பதனிட்ட தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரோடு சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல்ஷாப்புகளும் இதனால் செழித்தன. இத்தோலுக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வாணிபத்தில் ஈட்டிய செல்வம் வணிகர்களின் பெட்டிகளிலேயே முடங்கிவிடவில்லை. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆகியன இந்தத் தோல் நகரங்கள் எழுப்பிய கல்விக் கூடங்கள். வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிபு தோல் வணிகரே. சமயமும் சாதியும் பாராமல் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இத்தொழில் சோறிட்டது. இன்றும் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெரும் பகுதியினர் பெண்கள்.

ஆயினும் இத்தொழிலின் உள்ளிருந்தே ஒரு மாறுதல் வந்தது. மரப்பட்டை கொண்டு பதனிடப் பல வாரங்கள் ஆகும். குரோமியம் கொண்டு பதனிட ஓரிரு நாட்களே போதும். 1973இல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் விற்க ஊக்கமளித்தது. வேலைவாய்ப்பையும் அந்நியச் செலாவணியையும் பெருக்கும் நல்ல நோக்கமே அது. ஆனால் வெளிநாடுகளில் நடந்து வந்த இறுதிக்கட்ட வேலைகள் இங்கே வந்தபோது, அவற்றின் கழிவும் கூடவே வந்தது. அந்தக் கழிவைத் தாங்குவதற்கு உரிய ஏற்பாடு எதுவும் அன்று இல்லை.

மண்ணில் இறங்கிய உப்பு

குரோமியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். விளைநிலத்தைக் கெடுத்ததில் அதற்கு இணையான பங்கு சாதாரண உப்புக்கும் உண்டு. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைக்கின்றனர். பதனிடும் இடத்தில் முதற்கண் அவ்வுப்பைக் கழுவி நீக்க வேண்டும். அந்நீர் நிலத்தில் இறங்கினால் கிணறு உப்பாகும். அக்கிணற்று நீரைப் பாய்ச்சினால் வயல் உப்பாகும். மரப்பட்டை முறையிலும் இந்த உப்பு உண்டு. ஆகவே பழைமைக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவதும் முழு உண்மையாகாது.

இந்நிலை முற்றிய பின்னர், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பு, இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்றும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தீங்கு நேருமென்ற ஐயம் இருக்கும்போதே முன்கூட்டிக் காத்துக்கொள்ள வேண்டும், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அந்நீதிமன்றம் உறுதியாகக் கூறியது. இன்று அஸ்ஸாமிலோ குஜராத்திலோ சுற்றுச்சூழல் வழக்கொன்று நடந்தாலும், அங்கே 'வேலூர்' என்னும் பெயர் ஒலிக்கிறது.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், 2001இல் 29,193 பேரையும் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்து இழப்பீடு வகுத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. கழிவுநீரை ஆற்றில் விடாமல் மீட்டெடுத்துப் பயன்படுத்தும் முறையும் பின்னர் வந்தது. சென்னையில் 1948 முதல் இயங்கி வரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், உப்பையும் குரோமியத்தையும் குறைக்கும் வழிகளைக் கண்டுள்ளனர். இம்முயற்சிகளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் பழைய சுமை இறங்கிவிடவில்லை. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலையின் வளாகத்தில், ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் அதன் மஞ்சள் நஞ்சு நிலத்தடி நீரில் கசிந்தது. 2015 ஜனவரி 31ஆம் நாள், இராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்கி, இழப்பீடு கிடைக்காதவர்க்கு அதை விரைந்து வழங்கி மாசுபடுத்தியவரிடமிருந்து மீட்டுக்கொள்ளுமாறு அரசைப் பணித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகள் கழிந்த பின்னும் கணக்குத் தீரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மாறிவரும் வானம்

இனி, வானத்தின் பக்கம் திரும்புவோம். இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1901க்கும் 2018க்கும் இடையே இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் நீரின் மேற்பரப்பு 1951 முதல் 2015க்குள் ஏறத்தாழ 1 டிகிரி சூடேறியுள்ளது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டே பதிவானவற்றுள் மிக வெப்பமான ஆண்டு.

'ஒரு டிகிரிதானே, வெயிலூர் என்று பெயரெடுத்த வேலூருக்கு இது ஒரு பொருட்டா?' என்று கேட்கலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு பெருகுகிறது. மண்ணிலும் ஏரியிலும் உள்ள ஈரத்தை அந்தச் சூடான காற்று விரைந்து உறிஞ்சுகிறது. பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. மழை பெய்யும் நாட்கள் குறையலாம். பெய்கிற நாளின் அளவோ மிகும். வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று மாறானவை என்று நம் முன்னோர் எண்ணினர். இன்றைய ஆராய்ச்சி அவ்விரண்டையும் ஒரு தாய் மக்களாகக் காண்கிறது.

காயல்பட்டினத்தை எடுத்துக் கொள்வோம். 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அத்தொன்மையான ஊரில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் இது அதிகம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, வாணியம்பாடிக்குத் தெற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஊருக்கு இவ்வளவு மழை வரும் என்று எவர் எதிர்பார்த்தார்?

பாலாற்றுக்கும் அந்த நாள் வந்தது. 2021 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு, உலக வெப்பம் ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்துவிட்டது என்றும் பெருமழைகள் இனி மிகும் என்றும் அறிவித்தது. மூன்றே மாதங்களில், நவம்பர் 19ஆம் நாள், வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் பாய்ந்தது. ஆண்டுக்கணக்கில் மணலாய்க் கிடந்த ஆறு இருகரையும் புரண்டோடியது, பாலங்கள் சேதமுற்றன. அன்று காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் ஒன்று பக்கத்து வீட்டின் மீது இடிந்து விழுந்ததில், நான்கு குழந்தைகள் உள்ளிட்ட 9 பேர் உயிரிழந்தனர். வெளியே வெள்ளம் சூழ்ந்திருக்க, பாதுகாப்பென்று எண்ணிக் கூடியிருந்த வீடே அவர்களுக்குக் கல்லறையாயிற்று.

இரண்டு வெள்ளங்களும் உரைப்பது

1903இல் இன்றுள்ள அளவுக்குப் புவி வெப்பமடைந்திருக்கவில்லை. எனவே, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது அறிவியலுமாகாது. நம் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகவும் அது முடியும். பாலாறு எப்போதுமே வெள்ளம் கொண்டுவரவல்ல ஆறுதான். நூறாண்டுக்கு ஒருமுறை வந்த அத்தகைய மழை, இனி அவ்வளவு இடைவெளி விட்டுத்தான் வரும் என்று நம்புவதற்கு இடமில்லை என்பதே ஆராய்ச்சியின் செய்தி.

இதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாகியிருக்கிறோம்? மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தடுப்பணைகள் எழுந்தன. 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரம் 5 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டபோது நாமெல்லாம் குமுறினோம், அது நியாயமே. ஆனால் அதே காலத்தில், நம் எல்லைக்குள் ஆற்று மணல் லாரி லாரியாகப் போயிற்று. ஊற்றுநீரைத் தாங்கி நின்ற பஞ்சு அந்த மணல்தான். ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள் மேடாயின. அவற்றின் மீது வீடுகள் எழுந்தன. ஆறு வறண்டிருந்ததால் அதன் கரையும் படுகையும் வெற்றிடம் என்று கருதிவிட்டோம்.

இங்கேதான் பாலாற்றின் இரு துன்பங்களும் ஒன்றாக இணைகின்றன. நீர் ஓடாத ஆற்றில் உப்பும் குரோமியமும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கி அடர்த்தியாகின்றன; கோடை நீளுந்தோறும் கிணற்று நீரின் உப்புக் கூடுகிறது. திடீர் வெள்ளம் வரும்போது கரையோரத்துக் கழிவுக் குவியல்களும் கசடுகளும் வயல்களிலும் தெருக்களிலும் பரவுகின்றன. ஆகையால் தோல் கழிவின் கேட்டையும் வானிலையின் கேட்டையும் தனித்தனியாகத் தீர்க்க முடியாது. வறட்சியைத் தாங்கும் ஆறுதான் மாசையும் தாங்கும். ஏரிகளை உடைய ஆறுதான் வெள்ளத்தையும் தாங்கும்.

செய்யத்தக்கவை

வழி இல்லாமல் இல்லை. பாகாயத்துக்குத் தெற்கே கணியம்பாடிப் பகுதியில், ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதி என்னும் துணையாறு வறண்டு கிடந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அதன் படுகையில் நீர்செறிவுக் கிணறுகளையும் தடுப்புகளையும் அமைத்தனர். நிலத்தடி நீர் உயர்ந்தது. வறண்ட கிணறுகளில் நீர் ஊறியது. ஏழைப் பெண்களின் கைகள் செய்த இதனைச் செல்வமும் கல்வியும் உடைய நகரங்கள் செய்ய இயலாதா?

மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் விரிந்த கூரைகளை உடையவை. அக்கூரைகளில் விழும் மழையும், ஒளுச் செய்த பின் வழிந்தோடும் நீரும் நிலத்தில் இறங்குமாறு செய்தல் பெருஞ்செலவான காரியமன்று. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்கலாகாது என்னும் நெறியைச் சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். ஆறே ஓடாத ஊரில் அந்நெறிக்கு எவ்வளவு பொருள் இருக்க வேண்டும்!

தோல் தொழில் செய்யும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சுத்திகரிப்பு நிலையத்தை வாரியத்தின் ஆய்வாளருக்குக் காட்டவேண்டிய ஒன்றாக எண்ணாமல், உங்கள் பாட்டனார் கட்டிய கல்லூரியைப் போன்ற ஓர் அறமாக எண்ணுங்கள். பச்சைத் தோலிலுள்ள உப்பைக் கழுவுமுன் உதறி எடுத்தல், குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்துதல் ஆகியவை இன்று நன்கு தெரிந்த முறைகள். நம் ஊர் இளைஞர்களோ, தத்தம் தெருக் கிணறுகளின் ஆழத்தையும் நீரின் உப்பையும் ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம். ஆற்றின் எல்லை எதுவரை, வெள்ளம் எதுவரை வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதி வைக்கலாம். வருங்காலத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதை அந்தக் குறிப்புகளே தீர்மானிக்கும்.

பாலாறு நமக்கு நீர் தந்தது, தொழில் தந்தது, அத்தொழில் கல்விக் கூடங்களைத் தந்தது. அதற்கு ஈடாக நாம் தந்தவை உப்பும் நஞ்சும் ஆக்கிரமிப்புமாக இருத்தல் தகாது. 1903இன் மக்களுக்கு, வரப்போவதை முன்கூட்டி அறியும் வாய்ப்பு இல்லை. நமக்கு அந்த வாய்ப்பு உண்டு. அறிந்த பின்னும் வாளாவிருந்தால், அடுத்த வெள்ளத்துக்குப் பொறுப்பை மழையின் மீது மட்டும் சுமத்துவதற்கு நமக்கு உரிமை இராது.